அப்பளம் வெள்ளையாவும் கருப்பட்டி கருப்பாவும் தெரியணும்
(பொருட்களைப் போட்டோ எடுப்பதும், எல்லாப் படத்தையும் ஒரே தரத்தில் திருத்துவதும் - ஒரு பாடம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், கணக்கு எழுதுவது என்று நிறைய பாடம் படித்திருக்கிறோம். இந்த முறை பாடம் செல்போன் கேமராவைப் பற்றியது. "போட்டோ எடுக்கிறதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்காதீங்க. கொஞ்சம் பொறுமையா படித்துப் பாருங்க. நம்ம விற்பனையும், குழுவுக்குள்ளே நியாயமும் இதில் அடங்கியிருக்கிறது.

ஏன் இந்தப் பாடம்?

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். சாரல் அடிக்கும்போது எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். கருப்பட்டி, ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி, பனைநார்ப் பெட்டி என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். சீசன் முடிந்தால் கூட்டம் போய்விடும். பிறகு அவர்கள் நம்மிடம் மறுபடி வாங்கணும் என்றால் ஒரே வழிதான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பணும், அவர்கள் பார்த்துச் சொல்லணும், நாம் பார்சல் போடணும். மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் 'மதி' பெயரில் விற்றாலும் சரி, பெரிய ஆன்லைன் கடைகளில் விற்றாலும் சரி, முதலில் கேட்பது படம்தான்.

கடையில் வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். போட்டோவில் வாங்குகிறவருக்குக் கண் மட்டும்தான். அந்தக் கண்ணுக்கு நாம் காட்டுவது உண்மையாக இருக்கணும்.

ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆறு பொருள் செய்கிறார்கள். ஆறையும் ஒரே போனில் எடுத்து ஒரே பட்டியலாகப் போடுகிறார்கள். ஊறுகாய் பளிச்சென்று வந்திருக்கிறது. அப்பளம் அழுக்கு ஏறின மாதிரி இருக்கிறது. கருப்பட்டி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஆர்டர் யாருக்கு வரும்? ஊறுகாய்க்குத்தான். அப்பளம் போட்ட சகோதரி என்ன தப்புச் செய்தார்? உளுந்து நல்ல உளுந்து, கை நல்ல கை. படம் சரியில்லை, அவ்வளவுதான். ஒரே பட்டியலில் ஒருவர் பொருள் மின்னி, இன்னொருவர் பொருள் மங்கினால், அது ஒரு உறுப்பினரின் வருமானத்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிற மாதிரி. பீடிச் சுற்றை விட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று துணிந்து வந்தவருக்கு இந்த இழப்பு சின்னது இல்லை.

கேமரா எப்படிக் கணக்குப் போடுது?

கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"யக்கா, போன் தானா சரி பண்ணிக்கிடும்னு சொன்னீகளே. பெறகு ஏன் கருப்பட்டி இப்படி வெளுத்துப் போய் தெரியுது?"

"தானா சரி பண்ணுதுல்லா, அதாம்மா வம்பே!"

ஊக்குநர் சொன்னது உண்மை. கேமராவுக்குத் தன் முன்னால் இருப்பது கருப்பட்டியா, அப்பளமா என்ற கவலை கிடையாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று அளக்கும். அளந்துவிட்டு, "எந்தக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்" என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் நிறத்தைத்தான் போட்டோக்காரர்கள் காலங்காலமாக நடுத்தரம் என்று வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கே தப்புது?

- படம் முழுக்கக் கருப்பட்டி இருந்தால், "இருட்டா இருக்கே" என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கருப்பட்டி வெளுத்து, சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும்.
- படம் முழுக்க அப்பளமோ இடியாப்ப மாவோ இருந்தால், "வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைக்கும். வெள்ளை மங்கிப் பழசு போலத் தெரியும்.
- நடுத்தர நிறமுள்ள ஓலைப் பெட்டி, மண் சட்டி மட்டும் ஓரளவு சரியாக வரும்.

அதாவது, கருப்பையும் வெள்ளையையும் இழுத்து நடுவில் நிறுத்தப் பார்க்கிறது கேமரா.

நிறம் மாறுவது ஏன்?

வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. பழைய குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள். நிழலிலும் மேகமூட்டத்திலும் உள்ள வெளிச்சம் கொஞ்சம் நீலம். இதை 'கெல்வின்' என்ற அளவில் சொல்வார்கள். குண்டு பல்பு சுமார் 2,700. நடுப்பகல் வெயில் 5,500 பக்கம். மேகமூட்டமும் நிழலும் 6,500-ம் அதற்கு மேலும். எண் கூடக் கூட நீலம் கூடும் என்று ஞாபகம் வைத்தால் போதும். நம்ம கண்ணும் மூளையும் இதைத் தானாகவே சமாளித்துவிடும். பல்புக்குக் கீழே பார்த்தாலும் வெள்ளைச் சேலை நமக்கு வெள்ளைதான்.

கேமரா அதற்கும் ஒரு சராசரி போடுகிறது. "எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல் வரணும்" என்று நினைத்து, எந்த நிறம் கூடியிருக்கிறதோ அதைக் குறைக்கும். புளியங்குடி எலுமிச்சையைக் குவித்து வைத்து எடுத்தால், "மஞ்சள் அதிகம்" என்று நீலத்தைச் சேர்க்கும். பழத்தின் பளபளப்பு போய்விடும். வாழை இலையைப் பரப்பி அதன் மேல் வெள்ளை அப்பளத்தை வைத்தால், பச்சையைக் குறைக்கப் போய் அப்பளத்தில் லேசாக இளஞ்சிவப்பு ஏறிவிடும்.

இன்றைய போன்கள் முகம், வானம், சாப்பாடு என்று அடையாளம் கண்டு திருத்தவும் பழகிவிட்டன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊறுகாயைச் 'சாப்பாடு' என்று கண்டுகொண்டு சிவப்பைத் தூக்கிவிடும். பக்கத்தில் இருக்கும் பனைநார்ப் பெட்டியை அப்படிச் செய்யாது. இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு திருத்தம் நடக்கிறது. அதனால்தான் ஒரே போனில், ஒரே நாளில் எடுத்தாலும் படங்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருப்பதில்லை.

இது பழைய சிக்கல்தான்

பிலிம் காலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. ஆயிரக்கணக்கான கலர் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்த லேப்களால் முடியவில்லை. அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் எவன்ஸ் என்பவர், படத்தின் எல்லா நிறமும் சேர்ந்து சாம்பலாக வரும்படி இயந்திரமே திருத்தும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். 1951-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெரும்பாலான படங்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. ஆனால் பச்சைப் புல்வெளியில் நிற்கிற ஆளை எடுத்தால், பச்சையைக் குறைக்கப் போய் முகத்தில் செம்மை ஏறிவிடும். லேப்காரர்கள் இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் சொன்னால் 'பொருளால் வரும் பிழை'. இயந்திரம் கெட்டுப்போகவில்லை, எதிரே இருந்த பொருள் அதன் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்வோம். கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். முதலில் அப்படி நின்ற பெண்ணின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்று சொன்னார்கள். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். கருத்த நிறமுள்ளவர்கள் முகம் எப்படி வருகிறது என்று அந்த அட்டையால் பார்க்க முடியாது. அவர்கள் படத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். பிறகு பிலிம் திருந்தியது. அதற்கு ஒரு காரணம் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்! "எங்கள் பழுப்பு நிறங்கள் படத்தில் சரியாகப் பிரிந்து தெரியவில்லை" என்று அவர்கள் குறை சொன்னார்கள். நம்ம கருப்பட்டிக்கு இருக்கிற அதே குறை. பல நிறப் பெண்களும் இருக்கிற அட்டை 1990-களில்தான் வந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? தானியங்கித் திருத்தம் எதை 'சராசரி' என்று வைத்திருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் உள்ளது அழகாக வரும். தள்ளி இருப்பது கெடும். அப்படியானால் நாம் என்ன செய்யணும்? எது வெள்ளை, எது சாம்பல் என்று நாமே கேமராவுக்குக் காட்டணும்.

நம்ம ஊர் வெளிச்சம்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சீசனில் வானம் மூடியே இருக்கும். பொருட்களைப் படம் எடுக்க இது நல்ல வெளிச்சம். நிழல் கடுமையாக விழாது, பாட்டிலும் பாத்திரமும் கண்ணைக் கூசாது. ஆனால் மேகம் நகர நகர வெளிச்சம் மாறும். ஒரு நிமிஷம் சாரல், மறு நிமிஷம் வெயில். முதல் பொருளுக்கும் ஆறாவது பொருளுக்கும் நடுவில் வெளிச்சமே வேறாகிவிடும். காற்றில் ஈரம் இருப்பதால் லென்ஸ் மேல் ஆவி படியும். படம் பனி மூடினது போல வரும். முந்தானையால் துடைக்காமல், சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்க.

அருவி முன்னால் நின்று குழுப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தருவியோ பேரருவியோ, பின்னால் விழுகிற தண்ணீர் முழுக்க வெள்ளை. கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் இருண்டுவிடும். போன் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்க. தண்ணீர் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, நம்ம முகம் தெரியணும்.

செய்முறை: எடுக்கும்போது

1. ஒரே இடம். நேர் வெயில் விழாத திண்ணை அல்லது வாசல் பக்கம் போதும். வீட்டுக்குள் என்றால் டியூப் லைட்டை அணைத்துவிடுங்க. ஜன்னல் வெளிச்சமும் லைட் வெளிச்சமும் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று ஆகும். அதைப் பிறகு திருத்துவது கஷ்டம்.

2. ஒரே பின்னணி. வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் சார்ட் பேப்பர் ஒன்றை மேசையிலிருந்து சுவர் வரை மடிப்பு இல்லாமல் வளைத்து ஒட்டுங்க. பச்சை இலை, பூப்போட்ட விரிப்பு வேண்டாம். அமேசான் மாதிரி தளங்களில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். படத்தில் 85 சதவீத இடத்தைப் பொருள் நிறைக்கணும் என்றும் விதி உண்டு.

3. ஒரே தூரம். போனை ஸ்டாண்டிலோ, செங்கல் அடுக்கியோ நிறுத்துங்க. பொருள் வைக்கிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்க. நிழல் விழுகிற பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மெலியும்.

4. பூட்டு. போட்டோக் கடைகளில் விற்கும் சாம்பல் அட்டையைப் பொருள் வைக்கும் இடத்தில் வையுங்க. திரையில் அந்த அட்டையை விரலால் அழுத்திப் பிடித்தால், பல போன்களில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு அட்டையை எடுத்துவிட்டு, பொருட்களை ஒவ்வொன்றாக வைத்து எடுங்க. நடுவில் திரையைத் தொடாதீங்க. தொட்டால் பூட்டு விட்டுவிடும். உங்கள் போனில் 'புரோ' என்ற முறை இருந்தால் இன்னும் நல்லது. அதில் வெளிச்சத்தையும் நிறத்துக்கான கெல்வின் எண்ணையும் நாமே நிறுத்தி வைக்கலாம்.

5. அட்டை சாட்சி. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படம் எடுங்க. முதல் படத்தில் சாம்பல் அட்டை பொருளின் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது படம் அட்டை இல்லாமல். மேகம் நகர்ந்து வெளிச்சம் மாறியிருந்தாலும், எவ்வளவு மாறியது என்று அட்டை சொல்லிவிடும். சாம்பல் அட்டை கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாள் வைக்கலாம், நிறம் பார்க்க உதவும். சில வெள்ளைத் தாள்களில் பளிச்சென்று தெரிய நீலச்சாயல் சேர்த்திருப்பார்கள். அதனால் எல்லாப் பொருளுக்கும் அதே தாளையே வையுங்க.

6. பிளாஷ், அழகு பில்டர், காட்சியை அடையாளம் காணும் ஏஐ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்க.

செய்முறை: திருத்தும்போது

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் திறந்து 'ஆட்டோ' பட்டனை அமுக்குவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகாகத் தெரியும். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறும் ஆறு விதம். ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டோ புதுசாகச் சராசரி போடுகிறது அல்லவா?

சரியான முறை இது. ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற ஆப்பில் அட்டை உள்ள முதல் படத்தைத் திறங்க. 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியில் நிறம் எடுக்கும் குழாய் போல ஒரு கருவி இருக்கும். அதைச் சாம்பல் அட்டை மேல் வைத்தால், "இது சாம்பல்" என்று ஆப்புக்குத் தெரிந்துவிடும். மற்ற நிறமெல்லாம் தன் இடத்துக்கு வரும். வெளிச்சம் கூடவோ குறையவோ வேண்டுமானால் அட்டையைப் பார்த்தே செய்யுங்க. பிறகு அந்தத் திருத்தத்தை அப்படியே நகல் எடுத்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் போடுங்க. இந்த ஆப்களில் அதற்கு வசதி உண்டு. வேலையும் மிச்சம், ஆறு படமும் ஒன்று போல வரும்.

நடுவில் வெளிச்சம் மாறியிருந்தால்? வெயிலில் எடுத்தவை ஒரு கட்டு, மேகத்தில் எடுத்தவை ஒரு கட்டு என்று பிரித்துக்கொள்ளுங்க. கட்டுக்கு ஒரு அட்டைப் படம், கட்டுக்கு ஒரு திருத்தம்.

கடைசியாக ஒரு சோதனை. எல்லாப் படத்தையும் சின்னதாக ஒரே திரையில் பாருங்க. பின்னணித் தாள் எல்லாவற்றிலும் ஒரே நிறமாக இருக்கிறதா? இருந்தால் பாஸ். பிறகு பொருளையே கையில் வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்க. பொருளைச் செய்த உறுப்பினரே ஒப்பிட்டுச் சொல்லட்டும். மிளகாய்ப் பொடியின் நிறம் அரைத்தவருக்குத்தானே தெரியும்!

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் குறையாது.

கூட்டிக் காட்ட வேண்டாம்

திருத்துவது வேறு, ஏமாற்றுவது வேறு. மஞ்சள் பொடியை இல்லாத மஞ்சளாக்கினால், பார்சலைப் பிரித்தவுடன் வாங்கினவர் முகம் மாறும். பார்சல் திரும்பி வந்தால் போக வர செலவு நம்ம தலையில். மறு ஆர்டரும் போச்சு. நாம் எவ்வளவு சரியாக எடுத்தாலும் வாங்குகிறவர் போன் திரை கொஞ்சம் மாற்றித்தான் காட்டும். அதனால் படத்தோடு எழுத்தும் சேருங்க: எடை, நீளம், அகலம், நிறத்தின் பெயர். "அடர் அரக்கு நிறம், கையால் செய்வதால் ஒன்றுக்கொன்று லேசாக நிறம் மாறும்" என்று ஒரு வரி போட்டால் சண்டை வராது.

நம்ம முகத்துக்கும் இதே நியாயம்

கூட்டமைப்பு ஆண்டறிக்கைக்கும், விற்பனைப் பட்டியலில் "செய்தவர்" பக்கத்துக்கும் நம்ம முகங்களைப் படம் எடுக்கிறோம். அங்கேயும் ஆட்டோ திருத்தம் தன் வேலையைக் காட்டும். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் கருத்த முகம் இன்னும் இருளும். அழகு பில்டர் போட்டால் எல்லா முகத்தையும் ஒரே வெளுப்பாக்கி, உழைத்த கோடுகளையும் அழித்துவிடும். கம்பெனிகளே இப்போது இதைத் திருத்தி வருகின்றன. 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறமும் உள்ளபடி வருவதற்கென்று ஒரு மாற்றம் செய்தது. 2022-ல் ஹார்வர்டு பேராசிரியர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய 10 படித் தோல் நிற அளவையும் வெளியிட்டது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். நடுத்தர நிறச் சுவர் முன்னால், ஒரே நிழலில், எல்லாரையும் ஒரே தூரத்தில் எடுங்க. முதல் ஆள் கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுங்க. அந்த ஒரு திருத்தத்தையே எல்லா முகத்துக்கும் போடுங்க. சிவப்பாக இருப்பவர் சிவப்பாக, கருப்பாக இருப்பவர் கருப்பாக, எல்லாரும் தெளிவாக வரட்டும். கருப்பு நிறம் ஒரு குறை இல்லை, திருத்தவும் தேவையில்லை.

நினைவில் வைக்க

- கேமராவின் ஆட்டோ எல்லாவற்றையும் நடுத்தரமாக்கப் பார்க்கும்.
- வெளிச்சம், பின்னணி, தூரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் பாதித் திருத்தம் முடிந்தது.
- அட்டையைப் பார்த்துத் திருத்து. அதே திருத்தத்தை எல்லாப் படத்துக்கும் போடு.
- பொருளைச் செய்தவர் சரி என்று சொன்ன பிறகே படம் வெளியே போகணும்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

1. ஒரு கருப்பட்டி, ஒரு அப்பளம், ஒரு ஓலைப் பெட்டி மூன்றையும் தனித்தனியாக ஆட்டோவில் எடுங்க. பிறகு பூட்டு வைத்து எடுங்க. வித்தியாசத்தை எல்லாரும் பாருங்க.
2. நம்ம பட்டியலில் எந்த உறுப்பினரின் பொருள் மங்கலாகத் தெரிகிறது? அதை எப்போது மறுபடி எடுப்பது?
3. படம் எடுக்க ஒருவர், அட்டை பிடிக்க ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க பொருள் செய்தவர் என்று வேலையைப் பிரித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்க. சாம்பல் அட்டையும் சார்ட் பேப்பரும் வாங்கும் செலவைக் குழுப் பொதுச் செலவில் போடலாமா என்றும் பேசி முடிவெடுங்க. படம் எல்லாருக்கும் பொது, செலவும் பொதுவாக இருக்கட்டும்.